ஸ்பீக்ஈஸி என்பது ஆங்கிலப் பயிற்சி வகுப்பு அன்று

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு ஜனவரி 17 முதல் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 5 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. காய்ச்சுவது, விற்பது, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது ஆகிய அனைத்தும் குற்றம் என்று அரசமைப்புச் சட்டமே அறிவித்திருந்தது. குடிப்பது மட்டும் குற்றமாக்கப்படவில்லை. சட்டம் இப்படி ஒரு பக்கம் கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் சன்னலைத் திறந்து வைத்திருந்ததால், குடிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் பிடிக்க வருபவர்களுக்கும் ஒரு தனிப் பேச்சுமொழி தேவைப்பட்டது. அந்தப் பேச்சுமொழி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்த என்னைப் படாத பாடு படுத்தியது.

பத்திரிகைகள் பெரியப்பா வழியாக வந்தவை. அவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். சரக்குக் கப்பல்களில் வரும் மாலுமிகள் படித்துவிட்டுப் போட்டுச் செல்லும் துப்பறியும் மாத இதழ்களையும் குற்றக் கதைப் புத்தகங்களையும் அவர் பழைய தாளாக விற்க மனமின்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைப்பார். பாதிக்கு மேல் அட்டை இல்லாதவை. கதைகள் பெரும்பாலும் மதுவிலக்குக் காலத்துச் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் நடப்பவை. என்னிடம் இருந்ததோ ஒரு பள்ளி அகராதி. கண்ணியமான சொற்களைத் தவிர வேறெதற்கும் அதில் இடம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எனக்குத் தெரிந்த பொருளைக் கொடுத்து, துண்டுகளைத் திரும்ப ஒட்டி நானே ஓர் அமெரிக்காவைக் கட்டிக்கொண்டேன்.

அந்த அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனம் ஸ்பீக்ஈஸி. ஸ்பீக் என்றால் பேசு. ஈஸி என்றால் சுலபம். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் தட்டச்சுப் பயிலகங்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசக் கற்றுக்கொடுப்பதாகப் பலகைகள் தொங்கிய காலம் அது. எனவே எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. இத்தாலியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள், பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இரவில் ஆங்கிலம் படிக்கப் போகிறார்கள். வாயிற்கதவில் ஒரு சிறு துளை இருக்கிறது. உள்ளிருந்து ஒரு கண் பார்க்கிறது. வந்தவர் ஒரு குறிப்பிட்ட ஆங்கிலச் சொல்லைச் சரியாக உச்சரித்தால் உள்ளே விடுகிறார்கள். நுழைவுத் தேர்வு என்று முடிவு செய்துகொண்டேன். காவல்துறை ஏன் திடீர் சோதனை போடுகிறது? அனுமதி பெறாமல் பள்ளி நடத்தியிருப்பார்கள். வெளியே வருபவர்கள் ஏன் தள்ளாடுகிறார்கள்? ஆங்கில இலக்கணத்தை நான் அறிவேன். அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. சிகாகோவின் கள்ளமது வியாபாரத்தை ஆட்டிப்படைத்த அல் கபோன் போன்ற ஒரு பெரும் ரௌடி இத்தனை பள்ளிகளைச் சொந்தமாக வைத்திருந்தது மட்டும் மனத்தை நெகிழவைத்தது. தனக்குக் கிடைக்காத கல்வி பிறருக்குக் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம் என நினைத்தேன். கபோன் புரூக்ளினில் பிறந்தவர் என்பதும், ஆங்கிலம் பேச அவருக்கு எவர் உதவியும் தேவைப்படவில்லை என்பதும் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தன.

ஈஸி என்பதற்கு இங்கே மெதுவாக, குரல் எழுப்பாமல் என்பதே பொருள். திருட்டுத்தனமாக மது விற்கும் இடத்தில் அடக்கிப் பேசவேண்டும், அவ்வளவுதான். நாடு தழுவிய மதுவிலக்குக்கு முன்பே, 1880களில், உரிமம் இல்லாத மதுக்கடைகளுக்குப் பென்சில்வேனியாப் பகுதியில் இப்பெயர் வழங்கியிருக்கிறது. மக்கீஸ்போர்ட் என்னும் ஊரில் கடை நடத்திய ஒரு பெண்மணி, வாடிக்கையாளர்கள் கூச்சலிடும்போதெல்லாம் மெல்லப் பேசும்படி அதட்டியதால் வந்த பெயர் என்று ஒரு கதையும் உண்டு. ஆனால் கதவைப் பற்றி நான் கட்டியிருந்த கற்பனை உண்மையின் கால் தூசிக்குக்கூடப் பெறாது. நியூயார்க்கின் 52ஆம் தெருவில் இருந்த இருபத்தொன்று என்ற விடுதியில், நிலவறைச் சுவரே ஒரு கதவு. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தச் செங்கல் கதவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு நீண்ட கம்பியைச் சரியான இடத்தில் நுழைத்தால்தான் தாழ் விலகும். சுவருக்கு அப்பால் புட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. எந்த ஆங்கிலப் பள்ளியும் தன் மாணவர்களை இத்தனை அக்கறையோடு பாதுகாத்ததில்லை.

பூட்லெகர் என்ற சொல்லில் எனக்குக் கிடைத்தவை பூட்ஸும் காலும். ஆகவே அவர் செருப்புக்கடைக்காரர். இந்த ஒன்றில் மட்டும் நான் உண்மையை ஏறக்குறையத் தொட்டுவிட்டேன். முழங்கால்வரை உயர்ந்த பூட்ஸின் கால்பகுதிக்குள் தட்டையான மதுப் புட்டியைச் செருகி எடுத்துச் சென்றவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்த பெயர் அது. இன்னொரு படி மேலே போய், காட்டுக்குள் சாராயம் காய்ச்சியவர்கள் பசுவின் குளம்புபோலச் செதுக்கிய மரக்கட்டைகளைக் காலணிக்கு அடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மண்ணில் மாட்டுத் தடம் மட்டும் பதியும். தேடி வருபவர் மேய்ச்சல் நிலம் என்று திரும்பிவிடுவார். செருப்பைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த சிறுவன் அப்படியொன்றும் தவறான திசையில் போய்விடவில்லை.

இதைப் பின்னாளில் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. இந்தச் சொற்களைச் சொல்லுக்குச் சொல்லாக எடுத்துக்கொண்டது பேதைமை என்று பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை உருவகமாகப் பிறக்கவில்லை; ஒரு பொருளை, ஓர் இடத்தை, கையோ காலோ செய்த ஒரு காரியத்தைப் பார்த்து வைத்த பெயர்களாகப் பிறந்தன. நான் குழம்பியதற்குக் காரணம் சொல்லை நேராக எடுத்துக்கொண்டது அன்று. சொல் நேராகக் காட்டிய அந்தப் பொருள் என் வீட்டில் இல்லாததுதான்.

குருட்டுப் பன்றியை எடுத்துக்கொள்வோம். காவலர்கள் ஒரு குருட்டுப் பன்றியைச் சுற்றி வளைத்து, உள்ளே இருந்தவர்களை வரிசையாக வெளியே கொண்டுவந்து வண்டியில் ஏற்றினார்கள் என்று ஒரு கதையில் வந்தது. ஒரு பன்றிக்குள் அத்தனை பேர் எப்படி இருக்க முடியும்? டிராய் நகரத்து மரக்குதிரையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருந்ததால், அமெரிக்கர்கள் அதே உத்தியைப் பன்றியில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று சமாதானம் கொண்டேன். உண்மை இன்னும் விசித்திரமானது. மது விற்கத் தடை இருந்த ஊர்களில், ஓர் அபூர்வ விலங்கைக் காட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குவார்கள். கட்டணம் செலுத்தியவருக்கு ஒரு கிண்ணம் மது இலவசம். விற்றது காட்சிச்சீட்டு, மது வெறும் உபசாரம் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். சில ஊர்களில் பன்றி, சில ஊர்களில் புலி. காலப்போக்கில் விலங்கு மறைந்து பெயர் மட்டும் கடைக்கு நிலைத்துவிட்டது.

ரம் ரோ என்பதைத் தெருப் பெயராக நினைத்தேன். அது கடலில் இருந்தது. கரையிலிருந்து மூன்று மைல் எல்லைக்கு அப்பால், சட்டத்தின் கை எட்டாத தூரத்தில், புட்டிகளோடு வரிசையாக நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கு அந்தப் பெயர். 1924இல் எல்லையை நீட்டியபோது வரிசையும் பின்னால் நகர்ந்துகொண்டது.

வறண்ட, ஈரமான என்ற இரு சொற்கள் தந்த குழப்பம் நீண்டநாள் நீடித்தது. ஒரு மாவட்டம் வறண்டது என்று கதையில் வந்தால், சென்னையில் கோடைக்காலத்தில் தெருக்குழாயடியில் குடங்களோடு நிற்கும் எவரும் செய்வதையே நானும் செய்தேன்: அந்த மாவட்டத்துக்காக இரங்கினேன். கான்சாஸ் மாநிலம் 1881 முதல் வறண்டு கிடந்தது என்று படித்து, இத்தனை ஆண்டுகள் மழை பொய்த்தும் அங்கே கோதுமை எப்படி விளைகிறது என்று வியந்தேன். தேர்தலில் ஈரமானவர்கள் வென்றார்கள் என்று வந்ததும் ஒருவகை மகிழ்ச்சி ஏற்பட்டது. மழை வந்துவிட்டது போலும். வறண்டது என்றால் மதுவிலக்கு உள்ள இடம், ஈரமானவர்கள் என்றால் மதுவிலக்கு வேண்டாம் என்பவர்கள் என்று யார் எனக்குச் சொல்வது? நான் இப்படி மகிழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், மிசிசிப்பி மாநிலம் உண்மையிலேயே வறண்டுதான் இருந்தது. அது தன் மதுவிலக்கைக் கைவிட்டது 1966இல்.

ஜின் விஷயம் வேறு வகை. திருவல்லிக்கேணியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜின் என்றால் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் குடியிருந்த பாய் வீட்டுப் பாட்டி, அந்தி சாய்ந்த பின் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது, ஜின் பிடித்துக்கொள்ளும் என்று எங்களை விரட்டுவார். நெருப்பால் ஆன உடல், கண்ணுக்குத் தெரியாது, அடைத்தால் புட்டிக்குள் கிடக்கும், திறந்தால் புகையாக எழும். அமெரிக்கக் கதைகளில் வந்த ஜின்னும் புட்டிக்குள்தான் இருந்தது. திறந்தவர்களை அதுவும் பிடித்துக்கொண்டது. பிடித்தவுடன் அவர்கள் சம்பந்தமில்லாமல் பேசினார்கள், அழுதார்கள், மேசைமீது ஏறினார்கள். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? கதைகளில் அதைக் குளியல் தொட்டி ஜின் என்றார்கள். புரியாதது அந்தக் குளியல் தொட்டி மட்டுமே. எங்கள் குளியலறையில் இருந்தது ஒரு பித்தளை அண்டா. அரேபியாவில் விளக்கில் வாழும் ஜின், அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் குளியல் தொட்டியில் குடியேற வேண்டிய அவசியம் என்ன என்று பாட்டியிடமே கேட்டேன். குளிக்காத ஜாதி, அதனால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்று அவர் விளக்கமளித்தார். வெள்ளைக்காரர்களைப் பற்றி எங்கள் தெருவில் நிலவிய பொதுக் கருத்தோடு அது நன்றாகப் பொருந்தியது.

உண்மையில் அந்த ஜின், தொழிற்சாலைச் சாராயத்தில் தண்ணீரும் ஜூனிப்பர் எண்ணெயும் கிளிசரினும் கலந்து வீட்டிலேயே தயாரித்த பானம். கலவையில் நீர் சேர்க்க, உயரமான புட்டி சமையலறைத் தொட்டியின் குழாய்க்கு அடியில் நுழையாது என்பதால் குளியல் தொட்டியின் குழாயை நாடினார்கள்; பெயர் அதனால் வந்தது என்பார்கள். பிடித்துக்கொள்ளும் பேய் என்ற கருத்திலும் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது. தொழிற்சாலைச் சாராயத்தைக் குடிக்க முடியாதபடி ஆக்குவதற்காக அதில் மெத்தில் ஆல்கஹால் முதலிய நஞ்சுகளைச் சேர்க்கும்படி அரசே பணித்திருந்தது. கடத்தல்காரர்கள் அதைத் திருடிச் சுத்திகரித்து விற்றார்கள். சுத்திகரிப்பு பெரும்பாலும் அரைகுறை. 1926ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க் மருத்துவமனைகளில் பிணங்கள் குவிந்தபோது, நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், இந்தச் சாவுகளுக்கு அரசுக்கும் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று வெளிப்படையாகவே சாடினார்.

என் குழப்பங்களை ஒருவழியாகத் தீர்த்துவைத்தவர் பெரியப்பா. அதுவும் ஒரே வாக்கியத்தில். அவரிடம் ஒரு பெர்மிட் இருந்தது. அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஒலித்த விதமே தனி. விருந்தினர் முன்னிலையில் பெரியம்மா அதைச் சொல்லும்போது, அது ஒரு நோயா அல்லது அரசு அளித்த பட்டமா என்று எனக்கு விளங்காது. இரண்டும்தான் என்று இப்போது சொல்லலாம். சென்னை மாகாணத்தில் 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் வந்துவிட்டிருந்தது. உடல்நிலை காரணமாக மது அவசியம் என்று மருத்துவர் சான்று கொடுத்தால், அளவு குறித்து அனுமதிச் சீட்டு தருவார்கள். ஸ்பீக்ஈஸி என்றால் என்ன என்று நான் அவரிடம் கேட்டபோது, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே அவர் சொன்னார்: “பெர்மிட் இல்லாதவன் போற இடம்டா அது.”

எனக்கு அந்த நொடியில் ஸ்பீக்ஈஸியும் விளங்கியது, பெர்மிட்டும் விளங்கியது. அமெரிக்காவிலும் பெர்மிட் உண்டு. அங்கே மருத்துவர்கள் இதற்கென்றே அச்சிட்ட அரசுத் தாளில் விஸ்கியை மருந்தாக எழுதிக்கொடுக்கலாம். ஒரு நோயாளிக்குப் பத்து நாட்களுக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 1931ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் சாலையைக் கடக்கும்போது கார் மோதிக் காயமடைந்த வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு, உணவு வேளைகளில் மது அவசியம் என்றும், குறைந்தபட்ச அளவு இருநூற்றைம்பது கன சென்டிமீட்டர் என்றும் மருத்துவர் ஒருவர் எழுதித்தந்த சீட்டு இன்றும் இருக்கிறது. எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்பதற்குப் பதில், எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதிய அந்த மருத்துவரைப் பெரியப்பா அறிந்திருந்தால் மாலை போட்டு வணங்கியிருப்பார்.

அமெரிக்க மதுவிலக்குக்கும் நம்முடையதற்கும் இடையே மெல்லிய ஒரு நூல் உண்மையிலேயே ஓடியது. கதைகளில் புஸ்ஸிஃபுட், அதாவது பூனைக்கால் என்றொரு பெயர் வரும். மனித உடலும் பூனைப் பாதமும் கொண்ட ஒரு மாயாவி என்று நான் எண்ணியிருந்தேன். வில்லியம் ஜான்சன் என்ற மதுவிலக்குப் பிரசாரகருக்கு, சட்ட அதிகாரியாக இருந்த நாட்களில் ஓசையில்லாமல் பதுங்கிச் சென்று கள்ளச்சாராயக்காரர்களைப் பிடித்ததால் கிடைத்த பட்டப்பெயர் அது. 1919இல் லண்டனில் நடந்த கலவரமொன்றில் ஒரு கண்ணை இழந்த பிறகும் அவர் ஓயவில்லை. 1921இல் இந்தியாவுக்கும் வந்து பிரசாரம் செய்தார். அமெரிக்காவே செய்து காட்டிவிட்டது என்பது அக்காலத்து மதுவிலக்கு ஆதரவாளர்களுக்குக் கையில் கிடைத்த வலுவான வாதம். திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து ராஜாஜி, கல்கியைத் துணையாகக் கொண்டு, மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்ற இதழை 1929இல் தொடங்கினார். சேலத்தில் சட்டம் வந்தபோதோ, அமெரிக்கா தன் சட்டத்தைக் கைவிட்டு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

சிரிப்பு வராத சொல் ஒன்று உண்டு: ஜேக். அது எனக்கு ஒரு கொலைகாரனின் பெயர். ஜேக் அவனுடைய இரண்டு கால்களையும் வாங்கிவிட்டது என்ற பொருளில் கதைகளில் வரும். ஜேக் துப்பாக்கியால் காலையே குறிவைக்கிறான், கொல்லுவதில்லை, முடமாக்குகிறான் என்று நினைத்தேன். வெவ்வேறு எழுத்தாளர்களின் கதைகளில் ஒரே வில்லன் நடமாடுவது வியப்பளித்தது. கடைசிவரை அவன் பிடிபடவில்லை.

ஜேக் என்பது ஜமைக்கா இஞ்சிச் சாறு. வயிற்று உபாதைக்கு மருந்துக்கடையில் விற்ற சிறிய புட்டி. அதில் பெரும்பகுதி சாராயம். மதுக்கடைக்குப் போக வசதியில்லாத ஏழைகள் சில்லறைக் காசுக்கு அதை வாங்கிக் குடித்தார்கள். குடிப்பதைத் தடுக்க, அதில் கசப்பான இஞ்சித் திடப்பொருள் குறிப்பிட்ட அளவு இருக்கவேண்டும் என்று அரசு விதித்தது. 1930இல் பாஸ்டனைச் சேர்ந்த இரு வியாபாரிகள், சோதனையில் அகப்படாமல், குடிப்பதற்கும் இதமாக இருக்கும்படி, பிளாஸ்டிக்கை நெகிழவைக்கப் பயன்படும் ஒரு பாஸ்பேட் வேதிப்பொருளை அதில் கலந்தார்கள். அது நரம்பைத் தின்னும் என்று அவர்களுக்குத் தெரியாது. சில வாரங்களில் பல்லாயிரம் பேருக்குப் பாதம் தொங்கிப்போனது. காலை உயரத் தூக்கி, முன்பாதம் முதலில் தரையில் அறைய நடக்கும் அந்த நடைக்கு ஜேக் நடை என்று பெயர் வந்தது. ஏழைகளையே அது பிடித்ததால், நடையைக் கண்டவுடன் ஊராருக்கு அவர்மீது இரக்கத்தைவிட ஏளனமே முந்தியது. குற்றவாளிகள் இருவருக்கும் முதலில் கிடைத்தது அபராதமும் நிறுத்திவைத்த சிறைத்தண்டனையும் மட்டுமே.

இதே சொல்லை நான் எங்கள் தெருவிலேயே தமிழில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முனையில் நிற்கும் ரிக்‌ஷாக்காரரைப் பற்றிப் பேசும்போது, ஜிஞ்சர் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தணிந்த குரலில் சொல்வார்கள். இஞ்சி பித்தத்துக்கு நல்லது. தீபாவளிக்கு எங்களுக்கும் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். இதற்கு ஏன் குரலைத் தாழ்த்த வேண்டும்? பெர்மிட் வாங்க வழியில்லாதவர்கள், மருந்துக்கடையில் கிடைத்த டிங்க்சர் ஜிஞ்சரை வாங்கிக் குடித்தார்கள். சாராயத்தில் கரைத்த அதே இஞ்சி. மதுவிலக்கு உள்ள மாநிலங்களுக்குள் இத்தகைய சாராயம் கலந்த மருந்துகள் வெளியிலிருந்து வந்து குவிவதைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1955இல் தனியாக ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மாடிப்படியின் கீழே ஜேக்கைத் தேடிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்திருந்தால், அவன் தெருமுனையிலேயே நின்றிருந்தான்.

மேற்சொன்ன சொற்கள் எல்லாம் தெருவில் பிறந்தவை. மதுவிலக்கு ஆதரவாளர்களின் தரப்பிலிருந்தும் ஒரு சொல் வந்தது. அதுவும் என்னைக் கவிழ்த்தது. மாசசூசெட்ஸின் குவின்சி நகரத்துச் செல்வர் டெல்சிவேர் கிங், சட்டத்தை மதிக்காமல் குடிப்பவனின் மனச்சாட்சியைக் குத்தும்படியான ஒரு புதுச் சொல்லை உருவாக்கித் தருபவருக்கு இருநூறு டாலர் பரிசு என்று அறிவித்தார். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் வந்து குவிந்தன. 1924 ஜனவரியில் முடிவு வெளியானது: ஸ்காஃப்லா, அதாவது சட்டத்தை எள்ளுபவன். இருவர் தனித்தனியே அதே சொல்லை அனுப்பியிருந்ததால் பரிசைப் பங்கிட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அது ஒரு ரஷ்யப் பெயர். சோவியத் நாடு இதழ் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததால், ஓவ் என்று முடியும் பெயர்கள் எனக்கு நல்ல பழக்கம். ஸ்காஃப்லோவ் ஓர் உளவாளி என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. சொல் பிறந்த அதே மாதத்தில், பாரிஸ் நகரின் ஹாரிஸ் நியூயார்க் பார் என்ற மதுக்கடையில், விஸ்கியும் வெர்மூத்தும் எலுமிச்சைச் சாறும் மாதுளைப் பாகும் கலந்த ஒரு புதிய கலவைக்கு ஸ்காஃப்லா என்று பெயரிட்டு விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நகரங்களில் இன்று அச்சொல், கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு அபராதம் கட்டாமல் திரிபவர்களைக் குறிக்கிறது. அவர்களிலும் ரஷ்யர்கள் அதிகம் இருப்பதாகத் தெரியவில்லை.